எதிரொலி வராத இரவும் ஓர் அளவீடுதான்: துருவ அயனி மண்டலத்தைத் தரையிலிருந்து கேட்பது

குடியாத்தத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்: "ராக்கெட், செயற்கைக்கோள் எதுவும் அனுப்பாமல், தரையில் வைத்த வானொலிக் கருவிகளைக் கொண்டே துருவப் பகுதியின் அயனி மண்டலத்தை ஆராய்கிறார்களாமே, எப்படி? அங்கே நடப்பதற்கும் நம் வேலூர்ப் பக்கத்துக்கும் தொடர்பு உண்டா? இங்கே இருந்துகொண்டு நான் ஏதாவது செய்து பார்க்க முடியுமா?"

அயனி மண்டலம் என்பது, உயரத்தில் காற்றின் அணுக்களும் மூலக்கூறுகளும் எலக்ட்ரான்களை இழந்து மின்னேற்றம் பெற்றிருக்கும் பகுதி. தம்பி, மொட்டை மாடியில் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். நான் காட்பாடியில் இருக்கிறேன். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஹாம் ரேடியோ உரிமம் உண்டு. மாடியில் இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஒரு தாமிரக் கம்பி கட்டியிருக்கிறேன், அதுதான் ஆன்டெனா. கீழே அறையில் ரிசீவரும் கணினியும். சிற்றலை வரிசை முழுவதும் திரையில் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நிலையமும் ஒரு பிரகாசமான கோடு.

2024 மே 10, வெள்ளிக்கிழமை. கத்திரி வெயில். பகல் 12.20 இருக்கும், திரையில் இருந்த கோடுகள் கீழ் அலைவரிசையிலிருந்து ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கின. சில நிமிடங்களில் திரை வெறிச்சோடிப் போனது. கம்பி அறுந்துவிட்டது என்று மாடிக்கு ஓடினேன். கம்பி அப்படியேதான் இருந்தது. கனெக்டரைக் கழற்றித் துடைத்து, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. கீழே வந்து கொஞ்ச நேரம் காத்திருந்தபோது கோடுகள் மேல் அலைவரிசையிலிருந்து மெதுவாகத் திரும்பி வந்தன.

நடந்தது என்ன என்று அப்புறம்தான் பொருத்திப் பார்த்தேன். இந்திய நேரம் 12.24க்கு சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு உச்சத்தைத் தொட்டிருந்தது. எக்ஸ் 3.9 வகை; சூரிய வெடிப்புகளில் எக்ஸ்தான் மிகப் பலமான பிரிவு. அதன் எக்ஸ் கதிர்கள் நம் தலைக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும், அயனி மண்டலத்தின் அடித்தட்டான 'டி' அடுக்கில் எலக்ட்ரான்களைக் கொட்டிவிட்டன. அந்த உயரத்தில் காற்று இன்னும் அடர்த்தி. வானொலி அலை எலக்ட்ரான்களை ஆட்டுகிறது, அவை காற்று மூலக்கூறுகளோடு மோதுகின்றன, அலையின் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. நிலையங்கள் ஒலிபரப்பிக்கொண்டுதான் இருந்தன. வழியிலேயே விழுங்கப்பட்டுவிட்டன.

மாடியில் நான் கோளாறு என்று தேடியது ஓர் அளவீடு. உங்கள் முதல் கேள்விக்கான பதிலின் சாரமும் இதுதான். துருவ அயனி மண்டலத்தை ஆராய்கிறவர்கள் பல நேரம் வராத சிக்னலையும் மங்கிய சிக்னலையும்தான் படிக்கிறார்கள். ஆனால் அதைப் படிக்க, எதுவும் நடக்காத நாள் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

துருவம் ஏன் தனி என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காந்த ஊசியைச் சரியாக நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால், வேலூரில் அது ஏறக்குறையக் கிடையாக நிற்கும். காந்தத் துருவத்துக்குக் கொண்டுபோனால் செங்குத்தாகத் தலைகுப்புற நிற்கும். நம் ஊரில் காந்தப்புலக் கோடுகள் படுத்துக் கிடக்கின்றன, அங்கே எழுந்து நிற்கின்றன. மின்னேற்றம் பெற்ற துகள் எதுவும் இந்தக் கோட்டைச் சுற்றிக்கொண்டு அதன் வழியே எளிதாகப் போகும், குறுக்கே போவது கடினம். அதனால் சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்றின் ஆற்றலும், இரவுப் பக்கம் நீண்டு கிடக்கும் பூமியின் காந்த வால் பகுதியில் சேர்ந்த துகள்களும் இறங்கிவர வாசல் துருவங்களில்தான் இருக்கிறது. நமக்கு மேலே அயனி மண்டலத்தை உண்டாக்குவது பெரும்பாலும் வெயில். அங்கே மாதக்கணக்கில் சூரியனே உதிக்காத குளிர்காலத்திலும் அயனி மண்டலம் இருக்கும். துகள் மழையும், பகல் பக்கத்திலிருந்து காற்றில் மேகம் வருவது போல அடித்துக்கொண்டு வரப்படும் மின்மமும் (எலக்ட்ரானும் அயனியும் கலந்த வாயு, பிளாஸ்மா) அதை நிரப்பும்.

பூகோளத் துருவம் வேறு, காந்தத் துருவம் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. அண்டார்டிகாவில் நம் நாட்டுக்கு இப்போது இரண்டு நிலையங்கள். மைத்ரி 1989லிருந்து, பாரதி 2012லிருந்து. இரண்டுமே தெற்கு அட்சரேகை சுமார் 70 பாகையில் இருக்கின்றன. வரைபடத்தில் ஒரே வரிசை. ஆனால் காந்த அட்சரேகையில் மைத்ரி சுமார் 63, பாரதி சுமார் 75. அதனால் மைத்ரி, காந்தத் துருவத்தைச் சுற்றித் துருவ ஒளி தோன்றும் வளையத்தின் வெளி ஓரத்தில் இருக்கிறது. பாரதி அந்த வளையத்தைத் தாண்டி, அதன் உட்பகுதியான துருவத் தொப்பியின் வாசலில் இருக்கிறது. ஒரே கருவியை இரண்டு இடத்திலும் வைத்தால் இரண்டு வேறு கதை சொல்லும். இந்தியாவுக்குக் கிடைத்திருக்கும் அருமையான வாய்ப்பு இது என்பது என் கருத்து.

சரி, கருவிகளுக்கு வருகிறேன்.

மூத்தது அயனோசோண்ட். கிணற்றில் கல் போட்டு 'டுபுக்' என்ற சத்தம் வரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்வோமே, அதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. வானொலித் துடிப்பை நேர் மேலே அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தைப் பார்க்கிறது. 2 மில்லி வினாடியில் திரும்பினால் 300 கிலோமீட்டர். இந்தத் துடிப்பு முறையை 1925இல் பிரெயிட், டுவே இருவரும் அமெரிக்காவில் செய்துகாட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்தில் ஆப்பிள்டன் வேறொரு முறையில் அந்த அடுக்கு இருப்பதை நிரூபித்திருந்தார். அதற்காக 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அயனோசோண்ட் ஒரே அலைவரிசையில் நிற்காது. 1 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 20 வரை ஏறிக்கொண்டே போகும். எலக்ட்ரான் அடர்த்தி எவ்வளவோ அதற்கேற்ற அலைவரிசை வரைதான் அடுக்கு திருப்பி அனுப்பும், அதற்கு மேல் போனால் அலை துளைத்துக்கொண்டு போய்விடும். கணக்கு எளிது: ஒரு கன மீட்டரில் இருக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் அந்த எல்லை ஹெர்ட்ஸில் வந்துவிடும். ஒரு கன மீட்டரில் 1 லட்சம் கோடி எலக்ட்ரான் என்றால் வர்க்கமூலம் 10 லட்சம், எல்லை 9 மெகாஹெர்ட்ஸ். 1,000 கோடிதான் இருக்கிறது என்றால் 0.9 மெகாஹெர்ட்ஸ். எந்த அலைவரிசையில் எதிரொலி நின்றது என்று பார்த்தால் போதும், 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் எலக்ட்ரான்களை எண்ணிவிடலாம். ஒன்றில் மட்டும் ஏமாறக் கூடாது. அடுக்கை நெருங்கும்போது துடிப்பின் வேகம் குறைகிறது. அதனால் நேரத்தை வைத்து நேராகக் கணக்கிட்ட உயரம் உண்மையான உயரத்தைவிட அதிகமாகவே காட்டும். அதைத் திருத்தி எடுக்க வேண்டும்.

1932–33இல் இரண்டாவது சர்வதேசத் துருவ ஆண்டு நடந்தது. ஆப்பிள்டன் தன் குழுவோடு நார்வேயின் டிரோம்சோ நகருக்குப் போய் இந்த அளவீடுகளைச் செய்தார். இங்கிலாந்தில் நல்ல பிள்ளையாக எதிரொலி தந்த அயனி மண்டலம், அங்கே காந்தப் புயல் அடித்த (பூமியின் காந்தப்புலம் கலங்கிய) நேரங்களில் எதிரொலியே தரவில்லை. எந்த அலைவரிசையில் அனுப்பினாலும் மௌனம். அடுக்கு காணாமல் போய்விட்டதா? இல்லை. துகள் மழை மிகக் கீழே இறங்கி, அடர்ந்த காற்றுள்ள உயரத்தில் எலக்ட்ரான்களை உண்டாக்கிவிட்டது. மேலே போகும் அலையும் திரும்பும் அலையும் அங்கேயே கரைந்துவிட்டன. என் மாடியில் அன்று பகலில் நடந்ததேதான். இங்கே எக்ஸ் கதிர் செய்ததை அங்கே துகள்கள் செய்தன, அதுவும் இரவிலேயே.

இதில் ஒரு சங்கடம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். துருவத்தில் மிக முக்கியமான சம்பவம் நடக்கும் நேரத்தில்தான் அயனோசோண்ட் குருடாகிவிடுகிறது. அந்த இருட்டை எப்படி அளப்பது? எனக்கு மிகவும் பிடித்த கருவி அதற்காகப் பிறந்தது. பெயர் ரியோமீட்டர்.

ரியோமீட்டர் எதையும் மேலே அனுப்புவதில்லை, கேட்க மட்டும் செய்கிறது. கேட்பது நம் பால்வீதியின் இரைச்சலை. 1930களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற அமெரிக்கப் பொறியாளர், கடல் தாண்டிய வானொலித் தொலைபேசியில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். 20.5 மெகாஹெர்ட்ஸில் ஒரு 'உஸ்ஸ்' சத்தம் தினமும் ஏறி இறங்கியது. ஆனால் அதன் உச்சம் ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முன்னால் வந்தது. நட்சத்திரங்கள் ஒரு சுற்று சுற்றிவர 23 மணி 56 நிமிடம்தானே ஆகும்? ஆகவே சத்தம் சூரியனிலிருந்து வரவில்லை, நட்சத்திரக் கூட்டத்திலிருந்து வருகிறது என்று முடிவு செய்தார். வானொலி வானியல் அங்கே பிறந்தது.

வானம் சுற்றுவதால் ஏறி இறங்கினாலும், அந்த இரைச்சலின் மூலம் நாளுக்கு நாள் மாறாது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி காலையிலிருந்து ஒரே அளவில் பாடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் இருக்கிற உங்களுக்குப் பாட்டு திடீரென்று அமுங்கிக் கேட்டால், யாரோ ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வீர்கள். எவ்வளவு அமுங்கியது என்பதை வைத்து ஜன்னல் முழுதாகச் சாத்தியிருக்கிறதா, பாதியா என்றும் சொல்வீர்கள். பால்வீதிதான் அந்த ஒலிபெருக்கி, டி அடுக்கு ஜன்னல்.

பெரும்பாலும் 30 மெகாஹெர்ட்ஸை ஒட்டித்தான் கேட்பார்கள். அதைவிட மிகவும் கீழே போனால் மேல் அடுக்குகளே அண்ட இரைச்சலை வெளியே திருப்பிவிடும். மிகவும் மேலே போனால் டி அடுக்கின் விழுங்கலே தெரியாது, ஏனென்றால் அலைவரிசை இரு மடங்கானால் விழுங்கல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இந்தக் கருவியை அலாஸ்காவில் உருவாக்கி 1959இல் விவரித்தவர்கள் லிட்டில், லைன்பாக் இருவரும்.

அதன் உள்ளே இருக்கும் யுக்தியைப் பாருங்கள். சாதாரண ரிசீவரை மாதக்கணக்கில் ஓடவிட்டால் வெப்பம், மின்னழுத்தம் எல்லாம் மாறி அதன் பெருக்கம் அலைந்துகொண்டே இருக்கும். பிறகு குறைந்தது வானமா ரிசீவரா என்றே தெரியாது. அதனால் உள்ளேயே ஓர் இரைச்சல் டையோடு வைத்தார்கள். ஒரு சுவிட்ச் வினாடிக்குப் பலமுறை ஆன்டெனாவுக்கும் டையோடுக்கும் மாறி மாறிக் காதைக் கொடுக்கும். இரண்டும் சமமாகும் வரை டையோடின் மின்னோட்டத்தைக் கருவியே கூட்டிக் குறைக்கும். நகைக்கடைத் தராசில் ஒரு தட்டில் நகை, மறு தட்டில் எடைக்கல் வைப்பது போல. தராசின் கம்பு நீண்டாலும் குறுகினாலும் கவலையில்லை, முள் நடுவில் நின்றால் போதும். டையோடில் ஓடும் மின்னோட்டமே விடை. பாலிடெக்னிக்கில் ஒவ்வொரு வருடமும் இந்தச் சுற்றைப் பலகையில் வரைந்துகாட்டியிருக்கிறேன், ஒரு வருடமும் எனக்கு அலுத்ததில்லை.

இப்படி வந்த பதிவில் ஒவ்வொரு நாளும் பால்வீதி தலைக்கு மேல் கடந்துபோகும் மேடும் பள்ளமும் தெரியும். பல அமைதியான நாட்களை நட்சத்திர நேரப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 'அமைதி நாள் வளைவு' என்று ஒன்றைச் செய்வார்கள். இன்றைய பதிவு அதைவிட எவ்வளவு கீழே தொங்குகிறதோ அதுதான் விழுங்கல், டெசிபலில். 1 டெசிபல் என்றால் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. 3 என்றால் பாதி. 30 மெகாஹெர்ட்ஸில் 1 டெசிபல்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. விமானங்கள் பேசும் 10 மெகாஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 9 டெசிபல் ஆகிவிடும்.

வளைவின் வடிவத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். நள்ளிரவையொட்டி ஒரு நிமிடத்துக்குள் செங்குத்தாக விழுந்தால், காந்த வாலில் சேர்ந்த ஆற்றல் அவிழ்ந்து துருவ ஒளி வெடித்திருக்கிறது. காலையில் மெதுவாக, அலை அலையாக இறங்கி நின்றால், இரவில் உள்ளே வந்த எலக்ட்ரான்கள் பூமியைச் சுற்றிக் காலைப் பக்கம் வந்து சிந்துகின்றன. துருவத் தொப்பி முழுவதும் ஒரே சீராக விழுந்து நாட்கணக்கில் கிடந்தால் சூரியப் புரோட்டான்கள் வந்திருக்கின்றன. 1956 பிப்ரவரி 23இல் வந்த சூரியத் துகள் வெள்ளத்தைப் பற்றிய ஆய்வுதான் இந்த வகையை உலகுக்கு அடையாளம் காட்டியது. இந்தக் கடைசி வகையில் ஓர் அழகு உண்டு. புரோட்டான் மழை இரவும் பகலும் ஒரே மாதிரி பெய்தாலும், இருட்டில் விழுங்கல் குறைந்துவிடும், வெளிச்சம் பட்டதும் கூடிவிடும். இருட்டில் எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொள்கின்றன, வெளிச்சம் வந்ததும் பிரிந்துவிடுகின்றன. 30 மெகாஹெர்ட்ஸ் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே மேலே நடக்கும் வேதியியலையும் தெரிந்துகொள்ளலாம்.

பிற்பாடு ஓர் ஆன்டெனாவுக்குப் பதில் 64 ஆன்டெனாக்களை எட்டுக்கு எட்டாக நட்டு, வானத்தை 49 கற்றைகளாகப் பிரித்துக் கேட்கும் படமெடுக்கும் ரியோமீட்டர்களும் வந்தன. தென் துருவத்தில் அப்படி ஒன்று 1980களின் இறுதியிலேயே ஓடியது. பின்லாந்தின் கில்பிஸ்யார்வியில் இன்னொன்று. அலைவரிசை 38.2 மெகாஹெர்ட்ஸ். நம் மைத்ரியிலும் ரியோமீட்டர் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது பெரிய ஆள். சிதறல் ரேடார். அயனோசோண்ட் போல அடுக்கு அலையைத் திருப்புவதை இது எதிர்பார்ப்பதில்லை. அடுக்கைத் துளைத்துப் போகும் உயர் அலைவரிசையில் அனுப்பி, ஒவ்வொரு எலக்ட்ரானும் சிதறடிக்கும் துளித்துளி ஆற்றலைச் சேகரிக்கிறது. ஓர் எலக்ட்ரான் ரேடாருக்குக் காட்டும் பரப்பு, சதுர மீட்டரில், புள்ளிக்குப் பிறகு 27 சுழி போட்டு 1. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கிலோமீட்டர் உயரத்தில் 5 கிலோமீட்டர் அகலம், 3 கிலோமீட்டர் நீளமுள்ள கற்றை. அதில் கன மீட்டருக்கு 1 லட்சம் கோடி எலக்ட்ரான். எல்லாவற்றையும் கூட்டினால் வரும் பரப்பு சில சதுர மில்லிமீட்டர். காட்பாடியிலிருந்து 300 கிலோமீட்டர் தள்ளி வைத்த ஒரு கடுகை ரேடாரால் பார்ப்பது மாதிரி.

கடுகு சிறுத்தாலும் காரம் போகவில்லை. 1958இல் கோர்டன் இது முடியும் என்று கணக்குப் போட்டார், அதே ஆண்டில் பவுல்ஸ் எதிரொலியைப் பிடித்தும் காட்டினார். கோர்டன் எதிர்பார்த்ததைவிட எதிரொலி மிகக் குறுகிய அலைவரிசைக்குள் வந்தது. எலக்ட்ரான்கள் தனித்தனியாக ஓடவில்லை, கனமான அயனிகள் இழுத்த இழுப்புக்குத்தான் ஆடுகின்றன என்பது அதிலிருந்து தெரிந்தது. அந்த எதிரொலியின் மொத்தத் திறனிலிருந்து அடர்த்தி கிடைக்கும். அகலத்திலிருந்து அயனிகளின் வெப்பநிலை, அதில் தெரியும் இரட்டைத் திமிலிலிருந்து எலக்ட்ரான் வெப்பநிலை, அலைவரிசை நகர்வதிலிருந்து வேகம். வேறெந்தத் தரைக் கருவியும் உயரம் உயரமாக இத்தனையும் தருவதில்லை. 1981லிருந்து டிரோம்சோவில் ஐஸ்கேட் என்ற பன்னாட்டு அமைப்பின் ரேடார் 32 மீட்டர் தட்டோடு இயங்கியது. சுவீடனின் கிருனா, பின்லாந்தின் சோடன்கிலா ஆகிய இரண்டிலும் கேட்கும் தட்டுகள். மூன்று பக்கமிருந்து பார்த்தால்தானே வேகத்தின் முழுத் திசையும் தெரியும்? 1996இல் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளிலும் 500 மெகாஹெர்ட்ஸில் ஒன்று வந்தது. செல்போன்கள் பெருகியதில் கிருனா, சோடன்கிலா தட்டுகள் தங்கள் பழைய அலைவரிசையை விட்டுக்கொடுக்க வேண்டி வந்ததும் நடந்தது. தட்டுகளுக்குப் பதில் ஆயிரக்கணக்கான சிறு ஆன்டெனாக்களால் ஆன புதிய ரேடாரை இப்போது நார்வேயின் ஷிபோட்னில் எழுப்புகிறார்கள்.

ஆனால் இந்த ரேடார் ஓரிடத்தைத்தான் பார்க்கும், மின்சாரச் செலவும் அதிகம். துருவம் முழுவதும் மின்மம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க சூப்பர்டார்ன் என்ற ரேடார் கூட்டம் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்தில் நின்று பார்த்தீர்களா? செந்நிறத் தண்ணீரின் வேகம் கண்ணுக்குத் தெரியாது. அதில் அடித்துக்கொண்டு வந்த கட்டை, ஆகாயத்தாமரை, வாழைத்தண்டு, இவற்றைப் பார்த்துத்தான் 'என்னா வேகம்!' என்றோம். சூப்பர்டார்னும் மிதக்கிற குப்பையைப் பார்க்கிறது. மின்மத்தில் சிறு சிறு திட்டுகள் காந்தக் கோட்டை ஒட்டி நீளவாக்கில் உருவாகும். ரேடார் அலைநீளத்தில் பாதி இடைவெளியில் இருக்கும் திட்டுகள் எதிரொலியைத் திருப்பித் தரும். 10 மெகாஹெர்ட்ஸில் அந்த இடைவெளி 15 மீட்டர்.

இந்த எதிரொலி கிடைக்க, அலை காந்தக் கோட்டைச் செங்குத்தாகச் சந்திக்க வேண்டும். நம் பக்கம் கோடுகள் படுத்திருப்பதால் நேர் மேலே பார்த்தாலே, அல்லது கொஞ்சம் வடக்கே சாய்த்தாலே போதும். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் பாகாலா பக்கத்தில் காடங்கி ரேடார் இருக்கிறதே, 53 மெகாஹெர்ட்ஸில் 1,024 யாகி ஆன்டெனாக்கள், அது அப்படித்தான் பார்க்கிறது. துருவத்தில் கோடுகள் நிற்கின்றன. அதனால் அலை அங்கே கிடையாகப் போக வேண்டும். தரையிலிருந்து கிளம்பிய அலையை எப்படிக் கிடையாக்குவது? அந்த வேலையை அயனி மண்டலமே செய்கிறது. 8 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலையை அது வளைக்கும். வளைந்து வளைந்து எங்கே அலை கோட்டுக்குச் செங்குத்தாகிறதோ அங்கிருந்து எதிரொலி திரும்பும். சிற்றலையின் எந்த வளைவால் நாம் தூரத்து நிலையம் கேட்கிறோமோ அதே வளைவு.

1983இல் கனடாவின் கூஸ் பேயில் தொடங்கி இன்று இரு துருவங்களைச் சுற்றிலும் 30க்கு மேற்பட்ட ரேடார்கள். ஒவ்வொன்றும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பார்க்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஓரிரு நிமிடத்துக்கு ஒரு வரைபடம் போடலாம். அதில் மின்மம் பகல் பக்கத்திலிருந்து துருவத்தைத் தாண்டி இரவுப் பக்கம் போய், இரண்டு ஓரமாகவும் திரும்பி வரும் இரட்டைச் சுழல் தெரியும். வேகத்தையும் காந்தப்புலத்தையும் பெருக்கினால் மின்புலம். வினாடிக்கு 1 கிலோமீட்டர் வேகம் என்றால் மீட்டருக்குச் சுமார் 50 மில்லிவோல்ட். கேட்கச் சிறியது. துருவத் தொப்பியின் அகலம் முழுக்கக் கூட்டினால் பல பத்தாயிரம் வோல்ட், புயலில் லட்சத்தைத் தாண்டும்.

ஜிபிஎஸ் ரிசீவரும் இன்று ஒரு அயனி மண்டலக் கருவி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துருவத்தில் மின்மத் திட்டுகள் கடக்கும்போது ஜிபிஎஸ் அலையின் கட்டம் (phase) நடுங்கும், நம் பக்கம் இரவு 8 மணிக்கு மேல், முக்கியமாக மார்ச், செப்டம்பர் மாதங்களையொட்டி, அலையின் வலிமையே துடிக்கும்.

இத்தனை கருவி ஏன் என்று கேட்கலாம். துருவ ஒளி வெடித்த ஓர் இரவை நினைத்துக்கொள்ளுங்கள். அயனோசோண்டில் எதிரொலி மறைகிறது. சூப்பர்டார்னிலும் அதே நிமிடம் எதிரொலி மறைகிறது, ஏனென்றால் அதுவும் சிற்றலைதான். இரண்டை மட்டும் பார்த்தால் மேலே ஒன்றுமே இல்லை என்று தோன்றும். பக்கத்தில் ரியோமீட்டர் பதிவை வைத்தால் அதே நிமிடத்தில் 3 டெசிபல் விழுந்திருக்கும். சிதறல் ரேடாரில் 85 கிலோமீட்டருக்குக் கீழே எலக்ட்ரான் அடர்த்தி எகிறியிருக்கும். 'ஒன்றுமில்லை' என்று இரண்டு கருவி சொன்னது 'மிக அதிகம்' என்று மாறிவிடும். நேரக் கடிகாரம் சரியாக ஒத்துப்போகும் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் இந்தத் துறையின் தினசரி வேலை.

இப்போது நம் ஊர். துருவத் தொப்பியின் குறுக்கே இருக்கும் அந்த மின்னழுத்தம் திடீரென்று ஏறும்போது, மின்புலம் சில நிமிடங்களுக்குள் நிலநடுக்கோடு வரை ஊடுருவி வருகிறது. பகலில் அது நமக்கு மேலே மின்மத்தைத் தூக்கிவிடும். 100 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஓடும் நிலநடுக்கோட்டு மின்னோடையும் அதோடு கூடிக் குறையும். அந்த மின்னோடையை அளக்க திருநெல்வேலியின் காந்தமானிப் பதிவிலிருந்து மும்பைக்கு அருகிலுள்ள அலிபாக் பதிவைக் கழிப்பது நம் நாட்டு ஆய்வாளர்களின் வழக்கம். நான் சொன்ன அதே மே 10 இரவு, இந்திய நேரம் சுமார் 10.30க்குப் புயல் பூமியைத் தாக்கியது. 2003க்குப் பிறகு வந்த மிகப்பெரிய காந்தப் புயல் அது. லடாக்கின் ஹான்லே வானியல் நிலையத்தில் வானம் சிவந்ததைப் படம் பிடித்தார்கள். ஜவ்வாது மலைக் காவலூரில் தொலைநோக்கி வைத்திருக்கும் அதே நிறுவனத்தின் நிலையம்தான் ஹான்லேவிலும் இருக்கிறது.

இன்னொரு தொடர்பு நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலையில் இருக்கிறார்கள். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்கு வட துருவத்தின் மேலாகவே விமானம் வந்தது. அவ்வளவு வடக்கே போனால் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்குள் போய்விடும். அங்கே விமானிகளின் பழைய துணை சிற்றலைதான். புரோட்டான் மழை பெய்தால் அது அடைத்துக்கொள்ளும். அப்போது விமானங்கள் தெற்கே விலகி, கூடுதல் எரிபொருள் செலவில் சுற்றிப் போகும். அந்த முடிவுக்குப் பின்னால் ரியோமீட்டர் பதிவுகளில் படித்த பாடம் இருக்கிறது.

இங்கிருந்து என்ன செய்யலாம்? துருவம் வேண்டுமானால், சூப்பர்டார்ன், ஐஸ்கேட் ரேடார்களின் தரவுகள் மாணவர்களுக்குக் கிடைக்கின்றன. 2024 மே 10, 11 ஆகிய நாட்களை எடுத்து, இரட்டைச் சுழல் எப்படி வீங்கியது என்று பார்த்தாலே ஒரு விடுமுறைக்குப் போதுமான வேலை. எம்.எஸ்சி. முடித்தபின் போக வேண்டிய இடங்கள்: நவி மும்பையின் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம், திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம், காடங்கியின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம். அண்டார்டிகப் பயணங்களை நடத்துவது கோவாவின் துருவ, கடல் ஆராய்ச்சி மையம்.

ஆனால் முதலில் உங்கள் வீட்டு மாடியில் ஒன்று செய்யுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச் சட்டம். அதில் எனாமல் பூசிய தாமிரக் கம்பியை ஐம்பது சுற்று. ஒரு சிறு பெருக்கி வழியாகக் கணினியின் ஒலி உள்ளீட்டில் சேருங்கள். வினாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும் ஒலி அட்டை 24 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அனுப்பும் நிலையம் 19.8 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. நம் திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணம் கடற்படை நிலையம் 18.2இல். இந்த அலைகள் தரைக்கும் டி அடுக்குக்கும் நடுவே மோதி மோதித்தான் வருகின்றன. அந்தக் கூரை ஒரு கிலோமீட்டர் இறங்கினாலும் அலையின் வலிமை மாறும். அண்டார்டிகாவிலும் வட துருவத்திலும் துகள் மழையைப் பார்க்க இதே முறையை வைத்திருக்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர், இவற்றிலிருந்து சட்டத்தைத் தள்ளி வையுங்கள். எனக்குப் பாதி நாள் போனது பக்கத்து அறை டியூப் லைட்டின் சோக்கைக் கண்டுபிடிப்பதில்தான்.

ஓடத் தொடங்கியதும் முதல் மாதம் எதையும் தேடாதீர்கள். விடியலில் கோடு எந்த நிமிடத்தில் சரிந்து ஏறுகிறது, சூரியன் மறையும்போது எங்கே குழிகிறது, கரண்ட் போன நேரம் எது, இடி இடித்த சாயங்காலம் எது, எல்லாவற்றையும் நோட்டில் தேதியோடு எழுதுங்கள். முப்பது நாட்களையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். அதுதான் உங்கள் அமைதி நாள் வளைவு. முப்பத்தோராவது நாள் கோடு விலகினால், மாடிக்கு ஓடுவதற்கு முன் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கல் விடுமுறையில் காட்பாடிப் பக்கம் வந்தால் நோட்டை எடுத்து வாருங்கள். என் பதிவுகளும் இருக்கின்றன, உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.